3.3 வோல்ட் லைனில் 4.2 வோல்ட் எங்கிருந்து வந்தது?

பாலிடெக்னிக் ஒன்றில் எலெக்ட்ரானிக்ஸ் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். போன செமஸ்டரில் இறுதியாண்டு மாணவி ஒருத்தி ப்ராஜெக்ட் போர்டோடு வந்து நின்றாள். "சார், ரெகுலேட்டர் போயிடுச்சு போல. மூணு தடவை மாத்திட்டேன்." 5 வோல்ட்டில் ஓடும் ஆர்டுயினோ ஊனோ மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, 3.3 வோல்ட் எஸ்பிஐ டிஸ்பிளே, நடுவே 5 வோல்ட் சிக்னலை 3.3 ஆக்க, பிஎஸ்எஸ்138 மாஸ்ஃபெட் போட்ட நாலு சேனல் லெவல் ஷிஃப்டர். 3.3 வோல்ட் லைனில் மீட்டர் 4.2 காட்டியது.

இப்படி வந்தால் முதல் கேள்வி: வோல்டேஜ் இறங்குகிறதா, ஏறுகிறதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

இறங்கினால் சப்ளை தாங்கவில்லை என்று அர்த்தம். ஊனோவின் 3.3 வோல்ட் பின்னிலிருந்து 50 மில்லி ஆம்பியர்தான் எடுக்கலாம். வைஃபை மாட்யூலுக்கு அது போதாது. தனி ரெகுலேட்டர் கொடுத்து, மாட்யூலை ஒட்டி 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் போடுங்கள்.

ஏறினால், எங்கோ ஒரு வழியாக 5 வோல்ட் உள்ளே வருகிறது. சாதாரண ரெகுலேட்டருக்கு கரண்டைத் தள்ளத்தான் தெரியும், வாங்கத் தெரியாது. வேறு யாராவது லைனை மேலே தூக்கினால் அதனால் இழுத்துப் பிடிக்க முடியாது. மூன்று ரெகுலேட்டர் மாற்றியும் சரியாகாததற்கு இதுதான் காரணம்.

உறுதி செய்ய எளிய வழி, ரெகுலேட்டரிலிருந்து வரும் 3.3 வோல்ட் வயரை மட்டும் பிடுங்குவது. பிடுங்கினோம். டிஸ்பிளே போர்டின் சிவப்பு எல்இடி அணையவே இல்லை!

வயரைத் திரும்ப மாட்டி, லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். 3.3-க்கு இறங்கிவிட்டால் அது புல்-அப் (சிக்னல் வயரை மேலே இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) வழியாகக் கசியும் சின்னக் கரண்ட். எங்களுக்கு 4.1-லேயே நின்றது. அப்படியென்றால் ஏதோ ஒரு அவுட்புட் பின் நேராகத் தள்ளுகிறது.

அப்புறம் சிக்னல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். ரீசெட் வயரை எடுத்ததும் மீட்டர் சட்டென்று 3.29-க்கு வந்தது. டிஸ்பிளேவுக்கு ஐந்து லைன், ஷிஃப்டரிலோ நாலு சேனல். மிஞ்சிய ரீசெட்டை நேராக ஊனோவில் மாட்டியிருந்தாள். ரீசெட் எப்போதும் ஹையில் இருக்கும். அந்த 5 வோல்ட், டிஸ்பிளே சிப்பின் இன்புட்டில் இருக்கும் பாதுகாப்பு டையோடு வழியாக 3.3 வோல்ட் லைனுக்குள் ஏறிவிட்டது. பேக்லைட் எரிகிறபோது கரண்ட் செலவாவதால் வோல்டேஜ் அடங்கும், அணைத்ததும் ஏறும். லோடு குறையும்போது வோல்டேஜ் ஏறினால் இந்தச் சந்தேகம்தான் முதலில் வர வேண்டும்.

ரீசெட் ஒரு பக்கம் மட்டும் போகிற சிக்னல், அதுவும் மெதுவானது. அதற்கு இன்னொரு ஷிஃப்டர் தேவையில்லை. ஊனோ பின்னிலிருந்து 1 கிலோ ஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம், நடுவிலிருந்து டிஸ்பிளேவுக்கு. சுமார் 3.3 வோல்ட் கிடைக்கும்.

எல்லா வயரும் ஷிஃப்டர் வழியாகவே போயும் லைன் ஏறினால், அதன் ஹெச்வி (5 வோல்ட் பக்கம்), எல்வி (3.3 வோல்ட் பக்கம்) இரண்டையும் மாற்றி மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மாஸ்ஃபெட்டுக்குள் இருக்கும் டையோடு எல்வி பக்கத்திலிருந்து ஹெச்வி பக்கத்துக்குக் கடத்தும். எல்வியில் 5 வோல்ட் கொடுத்தால் அது 3.3 பக்கம் கசியும். புல்-அப் வழியாக மட்டும் வந்தால் சேனலுக்கு 0.1 மில்லி ஆம்பியர் அளவுதான். ஆனாலும் தூங்கிக்கொண்டிருக்கும் சென்சார் லைனைத் தூக்கிவிட அது போதும். மேலே சொன்ன 1 கிலோ ஓம் சோதனையில் உடனே இறங்குவது இந்த வகைதான்.

சரிசெய்த பிறகு பேக்லைட்டை அணைத்துவிட்டு ஒருமுறை அளந்து பாருங்கள். அவளுடைய போர்டில் அப்போதும் 3.29.