பழைய பாய்மரப் படகைக் கைக்குழந்தையோடு பயணிக்கத் தக்கதாகச் சீரமைப்பது எப்படி?

கைக்குழந்தையோடு படகுப் பயணம் போக விரும்பும் பெற்றோர் முதலில் தேடுவது தொட்டில், தடுப்பு வலை, சின்ன மிதவை அங்கி ஆகியவற்றைத்தான். நாங்களும் அங்கேதான் தொடங்கினோம். ஒரு பழைய படகை இரண்டு குளிர்காலங்கள் செலவிட்டுச் சீரமைத்து, அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள செசபீக் வளைகுடாவில் மகளோடு பயணம் செய்யத் தொடங்கிய பிறகுதான், சீரமைப்பின் மையக் கேள்வி எது என்பது எங்களுக்கு விளங்கியது. இருவர் ஓட்டிப் பழகிய படகில் குழந்தை ஏறியவுடன் ஓட்டுவதற்கு ஒருவரே மிஞ்சுவார், ஏனெனில் மற்றவரின் இரு கைகளும் குழந்தைக்கு உரியவை. ஆகவே படகின் ஒவ்வொரு பகுதியையும் தொடும்போது, தனி ஒருவரால் இதை இயக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீழே உள்ள எல்லாப் படிகளும் அந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்தவை.

படி 1: படகையும் நீரையும் தேர்ந்தெடுத்தல்

தொடக்கக்காரர்களுக்கு நான் பரிந்துரைப்பது, அதிக எண்ணிக்கையில் கட்டப்பட்ட, குறைகள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு படகு. நாங்கள் வாங்கியது 1970களில் கட்டப்பட்ட கேட்டலினா 30. ஃபிராங்க் பட்லர் வடிவமைத்த இந்த வகையில் 6,000க்கும் மேற்பட்ட படகுகள் கலிஃபோர்னியாவில் கட்டப்பட்டன. நீளம் 9.1 மீட்டர்தான் என்றாலும் அகலம் 3.3 மீட்டர் இருப்பதால், உள்ளே ஒரு குடும்பம் இடித்துக்கொள்ளாமல் புழங்கலாம்.

செசபீக் வளைகுடா ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீளமுடையது. சராசரி ஆழமோ ஏழு மீட்டரைக்கூட எட்டாது. இரு கரைகளிலும் ஆறுகளும் ஓடைகளும் நெருக்கமாக வந்து கலப்பதால், குழந்தை அழத் தொடங்கினால் பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்துக்குள் ஒதுங்கி நங்கூரமிட ஓர் இடம் கிடைத்துவிடும். குழந்தையோடு முதன்முதலாகப் பயணிப்போருக்கு, நீலக்கடலின் அழகைவிட இப்படி எளிதில் ஒதுங்க முடிகிற நீர்ப்பரப்பே மேலானது.

படி 2: படகின் உடலைச் சோதித்தல்

விலை பேசுவதற்கு முன்பே தகுதிபெற்ற படகு ஆய்வாளர் ஒருவரை அமர்த்துங்கள். அவர் வருவதற்கு முன் நீங்களும் ஒரு பிளாஸ்டிக் சுத்தியலோடு மேல்தளம் முழுவதையும் தட்டிப் பாருங்கள். நல்ல கண்ணாடியிழைத் தளம் கூர்மையாக ஒலிக்கும். உள்ளே இருக்கும் மரம் நீர் ஊறி மட்கியிருந்தால் ஒலி மந்தமாக அமுங்கும். பாய்மரத்தைச் சுற்றியும் ஓரக்கம்பிகளைத் தாங்கும் கால்களைச் சுற்றியும் மெதுவாகத் தட்டுங்கள், ஏனெனில் நீர் பெரும்பாலும் அங்கேதான் இறங்குகிறது.

படகின் அடியில் பாரமாக இருந்து அதை நிமிர்ந்து நிற்கவைக்கும் ஈய ஏரா உடலோடு சேரும் முன்விளிம்பில் ஒரு புன்னகைபோலக் கோடு விரிந்திருந்தால், அதை வெறும் பூச்சு விரிசல் என்று விட்டுவிடாமல், ஏராவைப் பிணைக்கும் போல்ட்டுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள அடிக்குழியையும் ஆய்வாளரிடம் காட்டுங்கள். இந்த வகைப் படகில் பாய்மரம் மேல்தளத்தின் மீது நிற்கிறது. அதன் பாரத்தைக் கேபினுக்குள் ஒரு தூண் தாங்குகிறது. அந்தத் தூணின் அடி நீரில் ஊறி மட்கியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு துளையின் வால்வையும் திருகிப் பாருங்கள். தோட்டத்துக் குழாய் வால்வுபோன்ற பித்தளைக் கதவு வால்வுகள் இருந்தால், அவற்றின் துத்தநாகம் உப்புநீரில் அரித்துப்போயிருக்கக்கூடும். தயங்காமல் வெண்கல வால்வுகளாக மாற்றிவிடுங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் அந்தத் துளைக்குப் பொருந்தும் கூம்பு மரத்தக்கையைக் கயிற்றால் கட்டி வையுங்கள். குழாய் பிய்த்துக்கொண்டால், தனி ஆளாக இருப்பவர் தக்கையைத் தேடி அலைய முடியாது.

படி 3: தூசும் நெடியும் கிளப்பும் வேலைகளை முதலில் முடித்தல்

இந்த வரிசையைத் தயவுசெய்து மாற்றாதீர்கள். பழைய படகின் அடிப்பூச்சில் செம்பு இருக்கும். அமெரிக்காவில் 1988இல் சிறு படகுகளுக்குத் தடை செய்யப்பட்ட டிரைபியூட்டில் டின் என்ற நஞ்சும் அடியடுக்குகளில் எஞ்சியிருக்கலாம். ஆகவே உலர்நிலையில் தேய்க்காமல் நீர் விட்டுத் தேய்த்து, கழிவைத் தார்ப்பாயில் சேகரித்து, படகுத்துறையார் சொல்லும் முறையில் அப்புறப்படுத்துங்கள். முகமூடியும் தனி உடுப்பும் அணிந்து, அந்த உடுப்போடு வீட்டுக்குள் நுழையாதீர்கள். கருவுற்றிருப்பவரும் குழந்தையும் இந்த நாட்களில் படகின் பக்கமே வரக்கூடாது. பாலியெஸ்டர் பிசின் இறுகும்போது வெளியாகும் ஸ்டைரீன் நெடிக்கும் இதே விதிதான். எங்களுக்கு இந்தக் கட்டம் ஒரு குளிர்காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. மகள் பிறப்பதற்கு முன்பே இது முடிந்ததில் இன்றும் எனக்கு நிறைவு.

படி 4: ஒழுக்கை நிறுத்துதல்

மழைநீர் படுக்கையின் மீது சொட்டும் படகில் குழந்தையை உறங்கவைக்க முடியாது. ஈரம் பூஞ்சையாக மாறும், பூஞ்சை குழந்தையின் மூச்சைப் பாதிக்கும். மேல்தளத்தில் பொருத்தப்பட்ட ஒவ்வொரு கருவியையும் கழற்றி, ஓட்டையைத் தேவைக்குமேல் பெரிதாகத் துளைத்து, மட்கிய மரத்தைச் சுரண்டியெடுத்து, நன்றாக உலரவிட்டு, கெட்டியாக்கிய எப்பாக்சிப் பிசினால் நிரப்புங்கள். அது இறுகியபின் நடுவில் சரியான அளவுக்குத் துளையிட்டு, பியூட்டைல் என்ற ஒட்டும் ரப்பர்ப் பட்டையைச் சுற்றி போல்ட்டை இறுக்குங்கள். இனி நீர் புகுந்தாலும் எப்பாக்சியைத்தான் தொடும், மரத்தைத் தொடாது. அவசரத்தில் சிலிகான் பூசி மூடுவோரைப் பார்த்திருக்கிறேன். சில மாதங்களில் ஒழுக்கு திரும்புவதோடு, அந்தச் சிலிகானின் எச்சம் அடுத்த பூச்சையும் ஒட்டவிடாது.

படி 5: பாய்களை ஒருவர் கைக்கு அடக்குதல்

பணத்தில் பெரும் பங்கை இங்கே செலவிடுங்கள். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளின் வயது தெரியவில்லை என்றாலோ, 10 முதல் 15 ஆண்டுகளைக் கடந்திருந்தாலோ, முழுவதையும் மாற்றுங்கள். அடுத்து, முன்பாய்க்குச் சுருட்டுக்கருவி பொருத்துங்கள். காக்பிட்டில், அதாவது சுக்கான் பிடிப்பவர் அமரும் திறந்த பள்ளத்தில், அமர்ந்தபடியே ஒரு கயிற்றை இழுத்தால் பாய் சுருண்டுவிட வேண்டும். பெரிய பாயைக் காற்றுக்கேற்பக் குறைக்கும் கயிற்றையும் கப்பிகள் வழியாகக் காக்பிட்டுக்குக் கொண்டுவாருங்கள். இறக்கும் பாய் தளமெங்கும் சரியாமல் பூம் என்ற, பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைக்கழியின் மீதே மடிந்து விழும்படி, இருபுறமும் தாங்கு கயிறுகள் கட்டுங்கள்.

செசபீக்கில் கோடைப் பிற்பகல்களில் இடிமழை வெகு விரைவாகத் திரண்டு வரும். அந்த நேரத்தில் ஒருவர் அணியத்துக்கு (படகின் முன்முனைக்கு) ஓடிப் பாயோடு போராட, மற்றவர் ஒரு கையில் குழந்தையையும் மறுகையில் சுக்கானையும் பிடித்துக்கொண்டிருக்கும் நிலை எங்களுக்கு ஒருமுறை வந்தது. அந்த வாரமே எல்லாக் கயிறுகளையும் பின்னுக்குக் கொண்டுவந்தோம்.

காற்று பின்னாலிருந்து வரும்போது பூம் திடீரெனப் பக்கம் மாறி வீசாதபடி, அதை முன்னோக்கி இழுத்துக் கட்டும் கயிறு ஒன்றையும் நிரந்தரமாக அமைத்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் மேலாக, தானாகச் சுக்கான் பிடிக்கும் ஆட்டோபைலட் வேண்டும். எங்கள் படகின் மூன்றாவது ஆள் அதுதான். ஆனால் அது இயங்கும்போது காக்பிட்டில் இருப்பவர் தவறி விழுந்தால், படகு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். கீழே குழந்தையோடு இருப்பவருக்கு அது தெரியாமலே போகலாம். ஆகையால், தனியாகக் காவலிருப்பவர் கடல் அமைதியாக இருந்தாலும் ஹார்னஸ் என்ற பாதுகாப்புப் பட்டையை அணிந்து, அதைப் படகோடு கொக்கியிட்டே இருக்க வேண்டும்.

படி 6: என்ஜின், சமையல் வாயு, கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

1970களின் படகுகள் பலவற்றில் அட்டாமிக் 4 என்ற பெட்ரோல் என்ஜின் இருக்கும். உறுதியான என்ஜின்தான், ஆனாலும் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அடிக்குழியில் தேங்கினால் ஒரு பொறியே வெடிப்புக்குப் போதும். எங்களால் முடிந்ததால் டீசலுக்கு மாறினோம். முடியாதவர்கள், ஒவ்வொரு முறையும் என்ஜினை முடுக்குவதற்கு முன் குறைந்தது 4 நிமிடம் காற்றூதியை ஓடவிட்டு, மூக்கால் முகர்ந்தும் பார்த்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும்.

சமையலுக்கான புரொப்பேனும் அப்படியே கீழ்நோக்கி இறங்கும். சிலிண்டரைக் கேபினுக்குள் வைக்காமல், அடியில் வடிதுளை வெளியே திறக்கும் தனிப் பெட்டியில் வையுங்கள். வாயுவைச் சிலிண்டரருகிலேயே நிறுத்தும் மின் வால்வும், அடுப்புக்குக் கீழே தாழ்வாக ஒரு கசிவு உணரியும் பொருத்துங்கள். கார்பன் மோனாக்சைடுக்கோ மணமும் நிறமும் இல்லை. அது அறைக் காற்றோடு கலந்து பரவும். ஆகவே படகுகளுக்கென்றே செய்யப்பட்ட எச்சரிக்கைக் கருவியை உறங்கும் இடத்தருகே பொருத்துங்கள். வீட்டுக்கான கருவி படகின் அதிர்வையும் ஈரத்தையும் தாங்குவதில்லை.

படி 7: மின்சாரமும் தண்ணீரும்

பழைய ஒயர்களைப் பிரித்தெடுத்துவிட்டு, வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர்களால் புதிதாக இழுங்கள். பேட்டரியிலிருந்து 18 சென்டிமீட்டருக்குள் முதல் ஃபியூஸ் வர வேண்டும். செசபீக்கின் ஆகஸ்ட் புழுக்கத்தில் குழந்தை உறங்க, குறைந்தது இரண்டு 12 வோல்ட் மின்விசிறிகள் வேண்டும்.

தண்ணீர்த் தொட்டியில் 60 லிட்டருக்கு ஏறத்தாழ 60 மில்லி என்ற அளவில் மணமூட்டாத வெளுப்புத் திரவத்தைக் கலந்து, குழாய்கள் வழியாகவும் ஓடவிட்டு, நான்கு மணி நேரம் ஊறவைத்து, நெடி போகும்வரை பலமுறை அலசுங்கள். அப்படிச் செய்தபின்னும் பால்மாவு கரைக்கும் நீரை நாங்கள் கரையிலிருந்து தனிக் கலனில்தான் கொண்டுபோகிறோம்.

படி 8: குழந்தை உறங்கும் இடம்

படகின் முன்முனையிலுள்ள முக்கோணப் படுக்கை பார்க்கத் தொட்டில்போலவே இருக்கும், ஆனால் அலையில் மிக அதிகமாகத் தூக்கிப் போடுவது அந்த இடம்தான். அசைவு குறைந்த இடம் படகின் நடுவில், தாழ்வாக உள்ளது. நாங்கள் படிவாசலை ஒட்டிய பின்பக்கப் படுக்கையைத் தேர்ந்தெடுத்தோம். அது நடுப்பகுதிக்கு அருகில் இருப்பதோடு, காக்பிட்டிலிருந்து குனிந்தாலே குழந்தையின் முகம் தெரிந்துவிடும். இந்தப் பார்வைக்கோடு நீங்கள் எண்ணுவதைவிட முக்கியமானது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கடல்நோய் அரிதாகவே வரும். ஆடும் கேபினுக்குள் இறங்கிக் குனிந்து துணி மாற்றும் தாய்க்கோ தந்தைக்கோ அது எளிதில் வந்துவிடும். இறங்கிப் பார்க்க வேண்டிய தேவை எவ்வளவு குறைகிறதோ, ஓட்டுவதற்கு அந்த அளவுக்கு ஓர் ஆள் மிஞ்சுகிறார்.

பழைய தடித்த மெத்தைகளை எடுத்துவிட்டு, இடத்துக்குச் சரியாக வெட்டிய, அழுத்தினால் குழியாத மெத்தையைப் போடுங்கள். ஓரத்தில் இடைவெளி இருக்கக்கூடாது. குழந்தை மல்லாந்தே உறங்க வேண்டும். தலையணையோ போர்வையோ பொம்மையோ கூடாது. குழந்தை உருளாமல் தடுக்கும் துணியைக் காற்றுப் புகும் வலையால் தைத்து, தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள், தொய்ந்த துணியில் முகம் புதைந்துவிடும். காற்றில் படகு ஒருபக்கம் சாயும்போது மெத்தையும் சாயும். அப்படிச் சாய்ந்தால் குழந்தையைக் கையில் எடுத்துக்கொண்டு, பாயைக் குறைத்துப் படகை நிமிர்த்துங்கள்.

படி 9: மேல்தளம், வெயில், மிதவை அங்கி

ஓரக்கம்பிகள் வழக்கமாக 60 சென்டிமீட்டர் உயரமே இருக்கும். அவற்றுக்கும் தளத்துக்கும் இடையே முடிச்சில்லாத நைலான் வலையை நெருக்கமாகக் கட்டுங்கள். அதற்கு முன், கம்பிக்கால்களின் அடியில் தளத்துக்குக் கீழே உலோகத்தகடு வைத்து போல்ட் இட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வலையின் வலிமை அந்தக் கால்களின் வலிமையைத் தாண்டாது.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையை நேர் வெயிலில் வைக்கலாகாது, வெயில்பூச்சும் அந்த வயதுக்கு ஏற்றதன்று. எனவே காக்பிட்டை முழுவதும் மூடும் துணிக்கூரை அவசியம்.

அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி, ஓடும் படகில் கேபினுக்கு வெளியே இருக்கும் 13 வயதுக்குட்பட்டோர் மிதவை அங்கி அணிந்திருக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கான அங்கி ஏறத்தாழ 13.6 கிலோவுக்குக் குறைந்தோருக்கென்று செய்யப்படுகிறது. இருப்பினும் பெரும்பாலான குழந்தைகளுக்கு 8 கிலோ எடை வந்த பிறகே அது சரியாகப் பொருந்தும் என்கிறது அந்நாட்டுக் கடலோரக் காவல்படை. அந்த எடை வரும்வரை காத்திருங்கள். தலையைத் தாங்கும் கழுத்துப்பட்டை, கால்களுக்கிடையே வரும் பட்டை, பிடித்துத் தூக்கும் கைப்பிடி ஆகிய மூன்றும் அங்கியில் இருக்க வேண்டும். காரில் கட்டும் குழந்தை இருக்கையை ஓடும் படகில் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். கவிழ்ந்தால் அது குழந்தையோடு மூழ்கும்.

படி 10: ஒத்திகை

குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, மிதமான காற்றுள்ள ஒரு நாளில் நீங்கள் இருவர் மட்டும் புறப்படுங்கள். ஒருவர் 8 கிலோ அரிசி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, எந்தக் கயிற்றையும் தொடாமல் அமர்ந்திருக்க வேண்டும். மற்றவர் தனியாகத் துறையிலிருந்து படகை எடுத்து, பாய் ஏற்றி, திசை மாற்றி, பாயைக் குறைத்து, இறக்கி, நங்கூரமிட்டு, மீண்டும் துறையில் கட்ட வேண்டும். பிறகு இருவரும் இடம் மாற்றிக்கொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யுங்கள். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு உதவ வேண்டிய கட்டாயம் எங்கே வந்ததோ, அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு அதைச் சரிசெய்யுங்கள். எங்களுக்கு அது மூன்று இடங்களில் வந்தது. அவற்றில் பெரியது நங்கூரச் சங்கிலியைக் கையால் இழுப்பது. அடுத்த மாதமே மின் விசையால் இழுக்கும் கருவியைப் பொருத்தினோம்.

மூட்டை ஒருமுறைகூட மடியை விட்டு இறங்காத நாள் வந்ததும் குழந்தையை ஏற்றுங்கள். செசபீக் கரையிலுள்ள அன்னாபொலிஸ் நகருக்குத் தெற்கே, சில மணி நேரத் தொலைவிலுள்ள ரோட் ஆறு முதல் இரவுக்கு ஏற்ற இடம். காற்று புகாத மூலையில், சேற்றுத் தரையில் நன்கு பிடிக்கும் தட்டை நங்கூரத்தைப் போட்டு, நீரின் ஆழத்தையும் அணியத்தின் உயரத்தையும் கூட்டி, அதைப்போல் ஏழு மடங்கு கயிறு விடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே தடுப்பு வலையைக் கட்டி, எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்திச் சோதித்துவிட்டு, குழந்தைக்குப் பால் கொடுங்கள்.