கரன்ட் இருக்கும்போது எல்லா எக்சிட் போர்டும் எரியும்

ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பராமரிப்பு வேலையாகப் போயிருந்தேன். மாடி டைனிங் ஹால் வாசலுக்கு மேலே பச்சை எக்சிட் போர்டு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. கரன்டைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சை இறக்கினோம். அதுவும் கூடவே அணைந்துவிட்டது. ஏணி போட்டுக் கழற்றிப் பார்த்தால், கரன்ட் போனாலும் எரிவதற்காக உள்ளே வைத்திருக்கும் பேட்டரியின் ஒயர் முனையில் இருந்த குட்டி வெள்ளை பிளக் சொருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் கட்டியிருந்த எச்சரிக்கைச் சீட்டைக்கூட யாரும் பிரிக்கவில்லை. மண்டபம் திறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

இது அபூர்வமான தவறு என்று நினைக்காதீர்கள். கிடங்கில் கிடக்கும் நாளில் சார்ஜ் இறங்கிவிடக் கூடாது என்று பல கம்பெனிகள் பேட்டரியை இணைக்காமல்தான் அனுப்புகின்றன. எலக்ட்ரீஷியன் மெயின் ஒயரைக் கொடுக்கிறார், போர்டு எரிகிறது, மூடியைப் போட்டுவிட்டு இறங்கிவிடுகிறார். அதற்குப் பிறகு அந்த வழியாகப் போகிற எல்லோரும் எரியும் போர்டைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். ஆனால் இந்தப் போர்டுக்கு உண்மையான வேலை கரன்ட் போன பிறகுதான் தொடங்குகிறது. அந்த நேரத்தில் அதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

டெல்லி உப்ஹார் தியேட்டர் தீ நினைவிருக்கலாம். 1997 ஜூன் 13, மேட்னி ஷோ. கீழே கார் நிறுத்துமிடத்தை ஒட்டியிருந்த டிரான்ஸ்பார்மரில் பிடித்த தீயின் புகை மேலே பால்கனிக்கு ஏறியது. விளக்குகள் போய்விட்டன, அவசர விளக்குகள் இல்லை, கூடுதல் இருக்கைகளுக்காகப் பக்கவாட்டு வழி அடைக்கப்பட்டிருந்தது. 59 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் மூச்சுத் திணறித்தான்.

சரி, ஒயரிங்குக்கு வருவோம். அதிகம் பார்க்கும் தவறு, வராண்டா விளக்கின் சுவிட்சுக்குப் பின்னாலிருந்து போர்டுக்கு லைன் எடுப்பது. இரவு ஒன்பது மணிக்கு வாட்ச்மேன் சுவிட்சை அணைக்கிறார். போர்டு என்ன நினைக்கும்? கரன்ட் போய்விட்டது என்று நினைத்து, ஆளில்லாத வராண்டாவில் பேட்டரி தீரும்வரை எரியும். தினமும் இப்படி வற்றவிட்டால் எந்த பேட்டரியும் சீக்கிரம் செத்துவிடும். சப்ளை சுவிட்சுக்கு முன்னாலிருந்து வர வேண்டும்.

கரன்ட் போனால் மட்டும் எரிகிற வகையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதற்குத் தனி எம்சிபி கொடுப்பது நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். வராண்டாவின் லைட்டிங் எம்சிபி மட்டும் டிரிப் ஆனால் வராண்டா இருண்டுவிடும். போர்டுக்கோ சப்ளை வந்துகொண்டே இருக்கும், அதனால் அது எரியாது. எந்த இடத்து விளக்கு அணைந்தால் அது எரிய வேண்டுமோ, அந்த விளக்கின் சர்க்யூட்டிலேயே அதுவும் இருக்க வேண்டும்.

“எங்களிடம்தான் ஜெனரேட்டர் இருக்கே சார்” என்பது அடிக்கடி கேட்கும் பதில். பவர்கட்டுக்கு அது சரி. தீ விபத்து நேரத்தில் மெயினை இறக்குகிறவர்கள் ஜெனரேட்டரையும் சேர்த்தே நிறுத்தக்கூடும். தண்ணீர் அடிக்கப் போகிற கட்டடத்தில் சாதாரணமாக மின்சாரத்தை ஓடவிட மாட்டார்கள். யூபிஎஸ்ஸிலிருந்து சாதாரண ஒயரில் எல்லா போர்டுக்கும் சப்ளை ஓட்டினாலும், நடுவில் ஓரிடத்தில் ஒயர் வெந்தால் அதற்கு அப்பால் உள்ளதெல்லாம் இருட்டு. அதனால்தான் போர்டுக்குள்ளேயே பேட்டரி இருப்பது எனக்குப் பிடிக்கும்.

அந்த பேட்டரியை மாற்றும்போது கடையில் கிடைத்ததைப் போடாதீர்கள். நிக்கல் காட்மியம் பேட்டரிக்கான சார்ஜர் இருக்கும் போர்டில், அளவு பொருந்துகிறது என்று லித்தியம் செல்லைச் சொருகியதைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் சார்ஜ் செய்யும் முறை வேறு. தப்பிக்கும் வழியைக் காட்ட வைத்த போர்டே தீப்பிடிக்கக்கூடும். மாற்றிய தேதியைப் பேட்டரி மேலேயே மார்க்கரில் எழுதிவிடுங்கள். முனையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தாலோ வயிறு உப்பியிருந்தாலோ தேதியைப் பார்க்கத் தேவையில்லை, மாற்ற வேண்டியதுதான்.

போர்டு வைக்கும் இடத்தில் நடக்கும் கூத்து தனி. கதவு மேலேயே ஒட்டுவார்கள். கதவைத் திறந்து வைத்தால் போர்டு சுவரைப் பார்த்து நிற்கும். லிஃப்ட் வாசலுக்கு மேலே மாட்டுவார்கள். தீப்பிடித்தால் ஏறவே கூடாத இடம் அது. ஜவுளிக்கடை ஒன்றில், மாடிப்படி பக்கத்தில் போர்டைத் தேடிக் கிடைக்காமல், ஆடித் தள்ளுபடி பேனரைத் தூக்கிப் பார்த்தால் பின்னால் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. மண்டபங்களில் பேனர் செய்யும் வேலையைப் பூ அலங்காரம் செய்கிறது. டெகரேஷன்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, எதை மறைக்கக் கூடாது என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை.

எல்லாவற்றையும் விட மோசம் தப்பான அம்பு. போர்டில் வரைந்த ஓடும் மனிதன் இடது பக்கம் ஓடுகிறான், அம்பு வலது பக்கம் காட்டுகிறது. அம்பு ஸ்டிக்கரைத் தலைகீழாக ஒட்டினால், அல்லது இரண்டு பக்கமும் தெரியும் தொங்கு போர்டில் ஒரே ஸ்டிக்கரை இரு பக்கமும் ஒட்டினால் இப்படி ஆகும். தொங்கு போர்டில் ஒரு பக்கத்தின் இடது, மறுபக்கத்தின் வலது அல்லவா? மாட்டிய பிறகு இரண்டு பக்கமும் நின்று பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அப்புறம், அந்த அம்பைப் பின்பற்றிக் கடைசிக் கதவு வரை நடந்துபோங்கள். நான் போனபோது ஒரு இடத்தில் பூட்டு தொங்கியது, இன்னொரு இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கியிருந்தது.

அந்த ஓடும் மனிதன் ஜப்பான்காரன். 1970களில் அங்கே பெரும் தீ விபத்துகள் நடந்தன. 1972இல் ஒசாகாவின் சென்னிச்சி கட்டடத்தில் மட்டும் 118 பேர் இறந்தார்கள். அவசர வழி அடையாளத்தைப் படமாக மாற்றும் வேலை அதற்குப் பிறகுதான் சூடுபிடித்தது. வடிவமைப்பாளர் யுகியோ ஓட்டா செம்மைப்படுத்திய படம் 1985இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. ஆங்கிலத்தில் எக்சிட் என்று மட்டும் சிவப்பில் எழுதிய பழைய போர்டுகள் நம் ஊரில் இன்னும் இருக்கின்றன. சிவப்பு என்றால் நில் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டு, சிவப்பைப் பார்த்து ஓடச் சொல்வது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத்தான் இருக்கும். படம் இருந்தால் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியும்.

அளவையும் கவனியுங்கள். உள்ளிருந்து ஒளிரும் போர்டு அதன் படத்தின் உயரத்தைப் போல 200 மடங்கு தூரம் வரை புரியும் என்பது ஐரோப்பியத் தரநிலையின் கணக்கு. வெளிச்சம் வெளியிலிருந்து விழும் போர்டானால் 100 மடங்கு. பத்து சென்டிமீட்டர் படம் என்றால் உள்ளிருந்து ஒளிர்ந்தால் 20 மீட்டர், வெளி வெளிச்சத்தில் 10 மீட்டர். முப்பது மீட்டர் ஹாலின் கோடியில் குட்டி போர்டு மாட்டிப் பயனில்லை. இருட்டில் தானாக ஒளிரும் ஸ்டிக்கர்கள் விலை குறைவு, ஒயரும் வேண்டாம். ஆனால் அவை வெளிச்சத்தைக் குடித்துத்தான் பிறகு ஒளிரும். ஆள் வந்தால் மட்டும் விளக்கு எரிகிற மாடிப்படியில் ஒட்டினால் அவை பட்டினிதான்.

சோதனையில் நடக்கும் தவறு, டெஸ்ட் பட்டனைத் தொட்டுவிட்டு “எரியுது” என்று எழுதுவது. சாகக் கிடக்கும் பேட்டரியும் இரண்டு நொடி எரியும். அமெரிக்காவின் தீ பாதுகாப்பு விதித்தொகுப்பான என்எஃப்பிஏ 101 மாதம் ஒருமுறை 30 நொடி, வருஷம் ஒருமுறை 90 நிமிடம் சோதிக்கச் சொல்கிறது. நம் 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பும் அவசர விளக்குகள் 90 நிமிடம் தாங்க வேண்டும் என்கிறது. முழு சோதனை முடிந்தால் பேட்டரி திரும்ப நிறைய ஒரு நாள் வரை ஆகலாம், அதனால் முகூர்த்த நாளுக்கு முந்தின இரவு செய்யாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வற்றவிடாமல் ஒன்றுவிட்டு ஒன்றாகச் செய்யலாம்.

அந்த மண்டபத்தில் அன்றைக்குக் கணக்கெடுத்தோம். மொத்தம் 14 போர்டு. எம்சிபி இறக்கியதும் ஒன்பது எரிந்தன. முக்கால் மணி நேரம் கழித்து ஐந்துதான் எரிந்துகொண்டிருந்தன, ஒன்றரை மணி நேரம் கழித்து இரண்டுதான். ஆபீஸ் அறையில் பராமரிப்பு ரிஜிஸ்டர் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். முந்தைய பன்னிரண்டு மாதத்துக்கும் 14 போர்டுக்கு நேராக டிக் போட்டிருந்தது, எல்லாம் ஒரே நீல மை.