ரயிலும் பஸ்ஸும் ஒரே தடத்தில்: 1:87 அளவில் ஒரு மாதிரிப் பாலம்

ஒரே ஒரு தடம். அதன் நடுவில் தண்டவாளம், அதன் மேலேயே கார், பஸ், லாரி. ரயில் வந்தால் இரு பக்கமும் வண்டிகள் நிற்க வேண்டும். இலங்கையில் மகாவலி ஆற்றின் மேல் உள்ள மன்னம்பிட்டி பாலம் 2007 வரை இப்படித்தான் இருந்தது. மட்டக்களப்புப் பக்கம் உறவுகளைப் பார்க்கப் போய்வந்த கோத்தகிரி, கூடலூர்க்காரர்களுக்கு அது நினைவிருக்கும். நியூசிலாந்தின் தரமக்காவ் பாலத்தில் 2018இல்தான் சாலையைப் பிரித்தார்கள். வங்கதேசத்தில் சிட்டகாங் அருகே கர்ணபுலி ஆற்றின் காலூர்காட் பாலமும் இதே வகை.

நீலகிரி ரயில் பாதையில் ஏறத்தாழ 250 பாலங்கள் உண்டு, ஆனால் இந்த வகை கிடையாது. அதனால் நீலகிரி ரயிலின் மாதிரியில் கற்பனைப் பாலம்தான் கட்ட முடியும். அதையும் குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் வையுங்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் (ஏற்றத்தில் இன்ஜினின் பற்சக்கரம் பிடித்து ஏறும் இரும்புச் சட்டம்) அதன் மட்டத்துக்கு மேலே எழுந்து நிற்கும். அதன் மேல் எந்த டயரும் ஓடாது. குன்னூருக்கு மேலே பல்சட்டம் இல்லை.

அளவுகள்

மீட்டர்கேஜ் 1000 மி.மீ. 1:87இல் (உண்மையளவில் 87இல் ஒரு பங்கு) இது 11.5 மி.மீ. ஆகும், கடையில் கிடைப்பது 12 மி.மீ. எச்ஓ-எம் (1:87 மீட்டர்கேஜ் மாதிரிகளுக்கான) தண்டவாளம். 60 அடி நீளமுள்ள ஒரு கண் (இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி) 210 மி.மீ. வரும். மூன்று கண் போட்டால் 630 மி.மீ., ஒரு அலமாரித் தட்டில் அடங்கும். சாலையின் அகலம் 41 மி.மீ. (உண்மையில் 3.6 மீட்டர்). இரும்புச் சட்டங்களுக்கு இடையே உள்ளளவு 48, தண்டவாளத்துக்கு மேல் உயரம் 58. பாலத்தைத் தட்டையாகவே வைக்கவும், இரு முனையிலும் குறைந்தது 100 மி.மீ. நேர்பாதை விடவும். வளைவு முடிந்த கையோடு பாலம் தொடங்கினால் பெட்டியின் மூலை சட்டத்தில் உரசும்.

பொம்மைக் கடையில் கிடைக்கும் சின்னக் கார்கள் பெரும்பாலும் 1:64. இந்தச் சாலையில் அவை பூதம்போல் தெரியும். 1:87 பஸ் 29 மி.மீ. அகலம்தான், பக்கத்துக்கு 6 மி.மீ. மிஞ்சும். இன்னொன்று: உலோக அச்சும் உலோகச் சக்கரமும் உள்ள வண்டி இரண்டு தண்டவாளத்தையும் தொட்டால் ஷார்ட் ஆகும். பிளாஸ்டிக் சக்கர வண்டிகளையே வையுங்கள்.

தளம்

பாலத்தின் வெற்றி தோல்வி இங்கேதான். மலையின் ஈரத்தில் பிளைவுட் உப்பும், நன்றாகக் காயாத சில்வர் ஓக் முறுக்கிக்கொள்ளும். தளத்துக்கு 3 மி.மீ. அக்ரிலிக் தகடு, 640 நீளம், 55 அகலம். அடியில் உள்ள பெரிய பலகை பிளைவுட் என்றால் இரு முகங்களுக்கும் வெட்டு விளிம்புகளுக்கும் பிரைமர் அடிக்க வேண்டும். விளிம்பை விட்டுவிடுவது வழக்கமான தவறு. ஈரம் அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.

கோட் 75 (0.075 அங்குல உயரம்) தண்டவாளத்தின் உயரம் 1.9 மி.மீ. அதன் வெளிப்பக்கம் பலகை 1.7 மி.மீ. தடிமன், ஒரு பக்கத்துக்கு 13.6 அகலம். இங்கே மரம் போடலாம், அழகாக இருக்கும். உள்பக்கம் 1.5 மி.மீ. தடிமன் போதும், அதாவது தண்டவாளத் தலைக்கு 0.4 கீழே. இதை மரத்தில் செய்யாதீர்கள். 1 மி.மீ. ஸ்டைரீனையும் (ஒரு வகை பிளாஸ்டிக் தகடு) 0.5 மி.மீ. ஸ்டைரீனையும் ஒட்டிச் செய்யுங்கள், பனிமூட்டத்தில் உப்பாது. அகலம் 9.4 மி.மீ. வெட்டினால் இரு பக்கமும் சக்கர விளிம்பு ஓட 1.3 மி.மீ. இடைவெளி கிடைக்கும். நீளவாக்கில் 2.35 மி.மீ.க்கு ஒரு கோடு கீறினால் நான்கு பலகை போலத் தெரியும், உண்மையளவில் ஒவ்வொன்றும் சுமார் 20 செ.மீ.

ஸ்டைரீனின் அடி விளிம்பைச் சரிவாகச் சீவுங்கள். இல்லாவிட்டால் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கொக்கிகளின் மேல் அது உட்கார்ந்து, உங்களுக்குத் தெரியாமலே கால் மில்லிமீட்டர் உயரும். ஒட்டும் முன் இன்ஜினை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மாறி, சக்கரம் லேசாக எம்பினால் பலகை உயரமாக இருக்கிறது என்று பொருள். கண்ணுக்கு அது எளிதில் சிக்காது. விளக்கை அணைத்து, ஒரு முனையில் டார்ச்சைத் தளத்தோடு ஒட்டிப் படுக்கவைத்தால் உயர்ந்த இடத்துக்குப் பின்னால் நிழல் நீளமாக விழும். அங்கே மட்டும் 400 எண் உப்புத்தாளால் தேய்க்கவும்.

பசையில் அவசரம் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர்ப் பக்கம் ஃபெவிகால் காய இரண்டு நாள்கூட ஆகும். மேலே காய்ந்ததுபோல் இருக்கும், அடியில் ஈரம் நிற்கும். தண்டவாள இணைப்புகளில் அரை மி.மீ. இடைவெளி விடவும். 914 மி.மீ. நிக்கல் சில்வர் 20 டிகிரி வெப்ப மாற்றத்தில் 0.3 மி.மீ. நீளும்.

தூண்கள்

தெர்மகோலைச் செதுக்கி, மேலே 2 மி.மீ. சுவர்ப் பட்டி (வால் புட்டி) பூசி, பாதி காய்ந்ததும் கருங்கல் வரிகளைக் கீறுங்கள். உச்சியில் 25 மி.மீ. கனம் போதும்.

கேட்டும் மின்சாரமும்

ரயில், சாலை இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வழி திறக்கவே கூடாது. இந்த ஒரு விதி இல்லாமல் கட்டினால் அது வெறும் அலங்காரப் பாலம்தான். பாலத்தையும் இரு முனையிலும் 300 மி.மீ. பாதையையும் தனிப் பகுதியாக, பிளாஸ்டிக் இணைப்பான் போட்டுப் பிரியுங்கள். உங்கள் இன்ஜினில் ஃப்ளைவீல் (மின்சாரம் நின்றபின்னும் சுழலும் கனச் சக்கரம்) இருந்தால் மின்சாரம் நின்றபின் எவ்வளவு தூரம் உருள்கிறது என்று அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு விடவும்.

சுவிட்சை ரயில் பக்கம் தள்ளியதும் இரு முனையிலும் சிவப்பு எரிந்து கேட் மூடட்டும், ஆனால் பாலத்துக்கு உடனே மின்சாரம் போகக் கூடாது. 630 மி.மீ. பாலம் உண்மையில் 55 மீட்டர்; மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் கடைசி வண்டி வெளியேற 13 விநாடி ஆகும். 555 ஐசி டைமரில் (நேரம் கணக்கிடும் சில்லு) 150 கிலோ ஓம், 100 மைக்ரோஃபாரட் போட்டால் 16.5 விநாடி கிடைக்கும். அதுவரை ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மின்சாரத்தைத் துண்டித்து வைக்கும். ரிலே சுருளின் குறுக்கே ஒரு டையோடு தலைகீழாகப் போடாவிட்டால் ஐசி சீக்கிரம் போய்விடும். ஐசியின் ட்ரிக்கர் காலை (நேரத்தைத் தொடங்கிவைக்கும் முனை) சுவிட்சோடு நேரடியாக இணைத்தால் நேரம் முடியவே முடியாது. நடுவில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், அந்தக் காலிலிருந்து 12 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம் வேண்டும். சிவப்பு எல்இடி ஒவ்வொன்றுக்கும் தனியே 1 கிலோ ஓம்.

திரும்பச் சாலை திறப்பதைத் தானியங்கியாக விடாதீர்கள். தனியாக ஒரு பட்டன் வையுங்கள். கடைசிப் பெட்டி பிரிப்பு இணைப்பைத் தாண்டியதைக் கண்ணால் பார்த்தபின் அதை அழுத்தினால்தான் பச்சை விழ வேண்டும். இணைப்பு கழன்று ஒரு பெட்டி பாலத்திலேயே நின்றுபோவது மாதிரியில் அடிக்கடி நடக்கும்.