‘சாரி’ என்றுகூட அனுப்பாதீர்கள்

சிங்கப்பூர் பீப்பிள்ஸ் பார்க் சென்டரில் மாடிக்கு மாடி வக்கீல் அலுவலகங்கள். அதில் ஒன்றில் பதினெட்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். தமிழ் மட்டும் பேசுகிறவர் யார் வந்தாலும் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் வக்கீல் இல்லை. வக்கீலைப் பார்ப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன். நான் பார்த்தவரை கேஸ் கெட்டுப்போனதெல்லாம் அந்த நாள்களில்தான்.

காதல் முறிந்திருக்கும், கொடுத்த கடன் திரும்பி வந்திருக்காது, இல்லாவிட்டால் மேல்வீட்டுக்காரரோடு தகராறு. தொல்லை கொடுத்ததாகப் புகார் போய், போலீஸ் கூப்பிட்டு விசாரித்திருக்கும். பையன் தலை குனிந்து உட்கார்ந்திருப்பான், கூட வந்த மாமா பேசுவார்: “நாங்க நாலு பெரியவங்க பூ, பழத்தோட போய் மன்னிப்புக் கேட்டா அந்தப் பொண்ணு கேஸை வாபஸ் வாங்காதா?”

ஊர் வழக்கத்துக்கு அது சரி. இங்கே அதுதான் முதல் தப்பு. புகார் பதிவான பிறகு வழக்கு நடத்துவதா வேண்டாமா என்பது அரசுத் தரப்பின் முடிவு, அந்தப் பெண்ணின் கையில் இல்லை. அதைவிட முக்கியம், துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்புச் சட்டம் எதை எண்ணுகிறது என்பது. 2014இல் வந்த இந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதைக் குற்றமாக்குகிறது. பின்னால் நடந்து போவது மட்டும் அதில் வராது. திரும்பத் திரும்ப மெசேஜ் அனுப்புவது, வீட்டருகே, வேலையிடத்தருகே சுற்றுவது, வேண்டாம் என்ற பிறகும் பொருள் அனுப்புவது எல்லாம் வரும். எத்தனை தடவை, எவ்வளவு நாள், எந்த விதத்தில், புகார் கொடுத்தவருக்கு என்ன பாதிப்பு என்று கோர்ட் பார்க்கும். ஏற்கெனவே முப்பது மெசேஜ் போயிருந்தால் உங்கள் ‘சாரி’ முப்பத்தொன்றாவது. பழத்தட்டும் அனுப்பிய பொருள்தான். பிணையில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: சாட்சியிடம் தலையிடக் கூடாது என்பது பிணை நிபந்தனை. தங்கையை விட்டுப் பேசச் சொல்வது, பொது நண்பரிடம் தூது அனுப்புவது எதுவும் வேண்டாம்.

தண்டனையையும் தெரிந்துகொள்ளுங்கள். 7ஆம் பிரிவில் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மிரட்டல், வசவு, ஆளைக் குறிவைத்து அவர் முகவரி, போன் நம்பரைப் பொதுவில் போடுவது போன்றவற்றை வேண்டுமென்றே செய்து மன உளைச்சல் கொடுத்தால் 3ஆம் பிரிவு: 5,000 வெள்ளி, 6 மாதம். முகவரி போடுவது குற்றமானது 2020 ஜனவரியில்தான். “ஃபேஸ்புக்கில் எல்லாரும்தானே போடுறாங்க” என்று இன்னும் கேட்கிறார்கள்.

அடுத்தது போன். எதையும் அழிக்காதீர்கள். ஒருவர் பயத்தில் சாட் முழுவதையும் அழித்துவிட்டு, ஏதோ வீடு பெருக்கியதுபோல நிம்மதியாக வந்து உட்கார்ந்தார். அந்தப் பெண்ணின் போனில் எல்லாம் அப்படியே இருந்தது. அவள் இவரைக் கூப்பிட்டுச் சிரித்துப் பேசிய மெசேஜ்கள், இவருக்கு உதவியிருக்கக்கூடியவை, இவர் பக்கத்தில்தான் காணாமல் போயின. ஆதாரத்தை அழித்து நீதிக்குக் குறுக்கே நின்றால் அது குற்றவியல் சட்டத் தொகுப்பின் 204ஏ பிரிவு. ஏழு வருஷம் வரை. ஆறு மாதக் கேஸுக்குப் பயந்து ஏழு வருஷக் கேஸுக்குள் கால் வைக்காதீர்கள்.

போனைப் போலீஸ் எடுத்துக்கொள்ளவும் கூடும். அதனால் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி, நினைவில் இருக்கும்போதே தேதிவாரியாக எழுதுங்கள்: எப்போது பழக்கம், யார் கடைசியாகப் பேசியது, ‘இனி தொடர்புகொள்ளாதே’ என்று புகார் கொடுத்தவர் எப்போது சொன்னார், அதன் பிறகு நீங்கள் செய்தது என்ன. அந்த ‘வேண்டாம்’ தேதிதான் கேஸின் நடுக்கம்பம். உங்களுக்கு எதிரானதையும் எழுதுங்கள், வக்கீலுக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும். தன் அடுக்குமாடி புளோக்கின் கீழே நீங்கள் நின்றதாக அவர் சொல்லும் இரவில் நீங்கள் பூன் லே போல வேறு பேட்டையில் இருந்திருந்தால் சிம்ப்ளிகோ பஸ், ரயில் பயணப் பதிவு, வேலை ஷிஃப்ட் அட்டவணை இரண்டையும் எடுத்து வையுங்கள்.

போலீஸ் எடுக்கும் வாக்குமூலத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தாலும் மானத்துக்காக “ஓகே, ஓகே” என்பார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். எழுதியதை உங்களுக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். தவறு இருந்தால் திருத்தச் சொல்லிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். “பேசிப் பார்க்கலாம்னு போனேன்” என்பது “விடமாட்டேன்னு போனேன்” என்ற பொருளில் தாளில் ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். உங்களையே குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லக் கட்டாயமில்லை. ஆனால் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி எடுக்கும் வாக்குமூலம் வேறு வகை. உங்கள் தற்காப்பை அப்போது சொல்லாமல் கோர்ட் விசாரணையில் முதல்முறையாகச் சொன்னால் நீதிபதி நம்புவது குறையலாம். அதற்குள் வக்கீலிடம் பேசிவிடுவது நல்லது.

தற்காப்பு என்று எதைச் சொல்வது? நான் இல்லை, நான் அனுப்பவில்லை என்பது ஒன்று. செய்தது அந்தச் சூழ்நிலையில் நியாயமானது என்பது இன்னொன்று. அதைச் சட்டமே அனுமதிக்கிறது, நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. இங்கே நியாயம் என்பது உங்கள் காரணத்தை மட்டும் பார்ப்பதில்லை, செய்த விதத்தையும் பார்க்கும். கடனைத் திருப்பிக் கேட்க வாரம் ஒரு மெசேஜ், பகலில், மரியாதையாக என்றால் வாதாட இடமிருக்கிறது. அதே கடனுக்கு ராத்திரி இரண்டு மணிக்குப் பதினைந்து போன் கால் என்றால் கடன் உண்மையாக இருந்தும் பயன் குறைவு. “நான் அவளை உண்மையா நேசிச்சேன்” என்பது தற்காப்பே இல்லை. பல பேர் அழுதுகொண்டு சொன்னதால் சொல்கிறேன்.

குற்றச்சாட்டு இல்லாமல், அவருக்குத் தொல்லை கொடுக்காதே என்று கோர்ட் போடும் பாதுகாப்பு உத்தரவு மட்டும் கையில் வரலாம். அவசர உத்தரவு என்றால் உங்களைக் கேட்காமலேயே போட்டிருப்பார்கள். அநியாயமாகத் தோன்றினாலும் அதன்படி நடந்துகொண்டு, குறித்த நாளில் போய் எதிர்த்து வாதாடுங்கள். மீறினால் அதுவே தனிக் குற்றம்.

பணம் இல்லையென்றால் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அரசாங்கத்தின் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். 2022 டிசம்பரில் தொடங்கியது, வருமான வரம்பு உண்டு. ப்ரோ போனோ எஸ்ஜி நடத்தும் இலவச சட்ட ஆலோசனையும் இருக்கிறது. ஹேவ்லாக் ஸ்குவேர் கோர்ட்டில் முதல் நாளே குற்றத்தை ஒப்புக்கொள்ள அவசரப்படாதீர்கள். வக்கீல் பிடிக்க அவகாசம் கேட்கலாம். அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்துக்கு வக்கீல் எழுதும் முறையீட்டுக் கடிதம்தான் பல சமயம் பெரிய வேலை. குற்றச்சாட்டைக் குறைக்கவோ, கடும் எச்சரிக்கையோடு விடவோ கேட்கலாம். உண்மையிலேயே செய்தவர் என்றால் மன்னிப்புக்கு இடம் அந்தக் கடிதம்தான். மனநல ஆலோசனைக்குப் போகத் தொடங்கியிருந்தால் அதையும் அதில் சொல்லலாம்.

ஒரு தடவை ஓர் அம்மா தேக்கா சந்தையில் ஆப்பிள், ஆரஞ்சு, மல்லிகைச் சரம் எல்லாம் வாங்கி, தட்டோடு நேரே எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். இங்கிருந்து அந்தப் பெண் வீட்டுக்குப் போவதாகத் திட்டம். முக்கால் மணி நேரம் பேசினேன். கடைசியில் தட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார். பழத்தை நாங்கள்தான் சாப்பிட்டோம்.