டெஸ்டிங்குக்கு முன் யோசனை: அடையாள அட்டைப் பெட்டியை வைத்து ஒரு செய்முறை

மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டிங் வேலைப் பக்கம் வர நினைக்கும் தம்பி தங்கைகள் ஹட்டனிலிருந்து என்னிடம் கேட்பது, "அக்கா, எந்த டூல் படிக்கணும்?" என்றுதான். டூலை ஒரு மாதத்தில் பழகிவிடலாம். எதைச் சோதிப்பது என்று யோசிக்கப் பழகத்தான் நாள் பிடிக்கும். அந்த யோசனையை ஒரே ஒரு பெட்டியை வைத்துக் காட்டுகிறேன். பதிவுப் படிவத்தின் ஒரு பெட்டியில் இலங்கைத் தேசிய அடையாள அட்டை இலக்கத்தை அடித்தால், பிறந்த தேதி தானாக வரவேண்டும். அவ்வளவுதான் வேலை.

படி 1: விதியைக் கொப்பியில் எழுதுங்கள்

ஒரு சீ.ஆர். கொப்பியும் பென்சிலும் போதும், எக்செல் பிறகு. எக்செலைத் திறந்தால் கை கட்டங்களை நிரப்பத்தான் பார்க்கும். வெறும் தாளில்தான் எனக்குக் கேள்வி பிறக்கிறது.

பழைய இலக்கத்தில் 9 எண்கள், கடைசியில் ஓர் எழுத்து. முதல் 2 எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த 3 எண்கள், அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 2016 முதல் வரும் புதிய இலக்கத்தில் 12 எண்கள், எழுத்து கிடையாது, ஆண்டு முழுதாக இருக்கும்.

படி 2: ஓரங்களைப் பிடியுங்கள்

ஏற்கும் எண் முடிந்து மறுக்கும் எண் தொடங்கும் இடங்கள்தான் ஓரங்கள். நாள் எண்ணுக்கு 000, 001, 366, 367, 500, 501, 866, 867. இவற்றில் 001, 366, 501, 866 நான்கும் ஏற்கப்படவேண்டும், மற்றவை மறுக்கப்படவேண்டும். கடைசி எழுத்து 'வி' மட்டுமல்ல, 'எக்ஸ்' என்று முடியும் அட்டைகளும் உண்டு. மறந்துவிடாதீர்கள்.

படி 3: "சரி என்று எனக்கு எப்படித் தெரியும்?"

நான் தடுக்கி விழுந்த இடம் இது. நான் பிறந்தது 1996. என் இலக்கத்தை அடித்தேன், தேதி சரியாக வந்தது. பாஸ் போட்டுக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்குப் போன வாரம் அம்மாவின் இலக்கத்தை அடித்துப் பார்த்தேன். அம்மா பிறந்தது 1971 ஆகஸ்ட் 14. திரையில் வந்தது ஆகஸ்ட் 15. அட்டையைக் கையில் வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தேன். "எனக்கு பொறந்த நாளு தெரியாதா புள்ள?" என்றார் அம்மா.

கொப்பியில் கூட்டினேன். அம்மாவின் 3 எண்கள் 727. 500ஐக் கழித்தால் 227. 1971 நெட்டாண்டு (பெப்ரவரிக்கு 29 நாள் வரும் ஆண்டு) அல்ல, ஜூலை முடிய 212 நாள். அப்படியானால் 227ஆவது நாள் ஆகஸ்ட் 15தான், கணக்கில் பிழையில்லை. பிழை விதியில் இருந்தது. அட்டை இலக்கம் எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே எண்ணுகிறது. ஜூலை முடிய 213 என்று வைத்தால் ஆகஸ்ட் 14 வந்துவிடும்.

1996 நெட்டாண்டு. அதனால் என் அட்டையை வைத்து இந்தப் பிழையை ஆயுளுக்கும் பிடித்திருக்க முடியாது. நெட்டாண்டு அல்லாத ஆண்டுகளில் பெப்ரவரிக்குப் பின் பிறந்த எல்லோருக்கும் ஒருநாள் தள்ளிப்போயிருக்கும். ஆவணத்தில் ஓர் எழுத்து மாறியதற்கே கந்தோர் கந்தோராக அலைந்தவர்கள் எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருக்கிறார்கள். ஒருநாள் வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

எனவே 059, 060, 061 மூன்றையும் 1971க்கும் 1972க்கும் தனித்தனியாகப் போடுங்கள். 1972இல் 060 என்றால் பெப்ரவரி 29. 1971இல் அப்படி ஒரு நாளே இல்லை, படிவம் மறுக்கவேண்டும்.

படி 4: வெளியே நிற்பது யார்?

முகவரியில் வீட்டு இலக்கமும் வீதியும் கட்டாயம் என்று இருந்தால் லயத்து ஆட்கள் என்ன அடிப்பார்கள்? தோட்டப் பெயரும் டிவிஷனும் மட்டும் கொடுத்துப் பாருங்கள். பெயர் ஒன்றுதான், குடும்பப் பெயர் இல்லை என்றும் பாருங்கள்.

படி 5: சிக்னல் போகட்டும்

இணையம் இல்லாதபோது என்ன ஆகும் என்று பார்க்க குரோமில் ஆஃப்லைன் வசதி இருக்கிறது. ஆனாலும் எனக்குப் பிடித்தது ரயில். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழையும் நேரம் பார்த்து 'அனுப்பு' பொத்தானை அழுத்தினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இருட்டில் இன்னொரு தரம் அழுத்தினேன். வெளிச்சம் வந்ததும் ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு.

பிற்சேர்க்கை

பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார்: பழைய இலக்கத்தில் ஒருமுறையும் புதிய இலக்கத்தில் ஒருமுறையும் பதிந்தால்? நான் யோசிக்கவே இல்லை, நன்றி. பழையதைப் புதியதாக்க முன்னால் 19 போடுங்கள், பழைய இலக்கத்தின் முதல் 5 எண்களுக்குப் பின் ஒரு 0 சேருங்கள், மீதி 4 எண்களை அப்படியே எழுதி எழுத்தை விட்டுவிடுங்கள். அம்மாவின் 71727, 19717270 என்று தொடங்கும். இரண்டையும் அடித்துப் பாருங்கள். இரண்டு பதிவு விழுந்தால், ஸ்க்ரீன்ஷாட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டெவலப்பருக்கு அனுப்புங்கள்.