உங்கள் வைஃபையில் யார் யார்? வீட்டுப் பிணையத்தை நீங்களே அலசிப் பார்க்கும் முறை

வீட்டு வைஃபையில் முன்பின் தெரியாத கருவி ஏதேனும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது ஒரு மாலைப் பொழுதுக்குள் முடிந்துவிடும் வேலை. கணினித் துறைப் பயிற்சி எதுவும் வேண்டாம். ஆனால் பலர் இதைத் தவறான முனையிலிருந்து தொடங்குகிறார்கள். ஒரு செயலியைப் பதிவிறக்கி, ஸ்கேன் பொத்தானை அழுத்தி, திரையில் வரிசையாக வந்து விழும் இருபது பெயர்களைப் பார்த்துத் திகைத்து, அப்படியே மூடிவைத்துவிடுகிறார்கள். ஸ்கேன் செய்தால் பிணையத்தில் இருக்கும் பெரும்பாலான கருவிகள் தெரியும். அவற்றில் எது நம்முடையது என்று சொல்ல உங்களால் மட்டுமே முடியும். அதனால் முதல் வேலை கணினியில் இல்லை.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். கீழே சொல்லியிருப்பதை உங்கள் சொந்தப் பிணையத்தில் மட்டும் செய்யுங்கள். அலுவலகத்திலோ விடுதியிலோ பக்கத்து வீட்டு வைஃபையிலோ அனுமதியின்றி ஸ்கேன் செய்வது பிரச்சினையில் கொண்டுபோய் விடும்.

முதல் படி: தாளும் பேனாவும்

அறை அறையாக நடந்து, இணையத்தோடு பேசக்கூடிய ஒவ்வொரு கருவியையும் எழுதுங்கள். கைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி ஆகியவை உடனே நினைவுக்கு வரும். அச்சுப்பொறி, கண்காணிப்பு கேமரா, ஸ்மார்ட் விளக்கு, ஸ்மார்ட் பிளக், கைக்கடிகாரம், மின்நூல் படிப்பான், விளையாட்டுச் சாதனம், இழுப்பறையில் சார்ஜ் ஏற்றி வைத்திருக்கும் பழைய கைபேசி ஆகியவைதான் விட்டுப்போகும். ஒவ்வொன்றின் எதிரிலும் அதைத் தயாரித்த நிறுவனம், வைஃபையா கேபிளா என்ற விவரம் இருக்கட்டும். கடைசியில் எண்ணிப் பாருங்கள். நான் முதன்முறை எழுதியபோது பதினொன்று இருக்கும் என்று நினைத்தேன். தாளில் பதினேழு வந்தது. அந்த ஆறு கருவிகளை மறந்த நிலையில் ஸ்கேன் செய்திருந்தால், ஆறு திருடர்கள் புகுந்துவிட்டதாகவே நம்பியிருப்பேன்.

இரண்டாம் படி: ரவுட்டரின் முகவரி

வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும், வைஃபை தரும் பெட்டியான ரவுட்டர், ஐபி முகவரி என்ற ஓர் எண்ணைக் கொடுக்கிறது. பெரும்பாலும் அது 192.168 என்று தொடங்கும். சில வீடுகளில் 10 என்று தொடங்கும். ரவுட்டருக்கும் ஒரு முகவரி உண்டு. விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கட்டளைத் திரையைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால், டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் அது இருக்கும். கைபேசியில் வைஃபை அமைப்புக்குள் சென்று, இணைந்திருக்கும் பிணையத்தின் விவரங்களைத் திறந்தால் கேட்வே அல்லது ரவுட்டர் என்ற பெயரில் கிடைக்கும். 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்றிருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் இணைப்பை வேறொரு பிணையத்தின் வழியே திருப்பிவிடும் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் வேறொரு பிணையத்தின் முகவரியைப் பார்த்துக் குழம்புவீர்கள்.

மூன்றாம் படி: ரவுட்டரிடமே கேளுங்கள்

அந்த முகவரியை உலாவியில் இட்டால் ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் திறக்கும். பயனர்பெயரும் கடவுச்சொல்லும் நீங்கள் மாற்றாமல் இருந்தால், பெட்டியின் அடியில் ஒட்டிய தாளில் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே 'கனெக்டட் டிவைசஸ்', 'வயர்லெஸ் கிளையண்ட்ஸ்' போன்ற பெயரில் ஒரு பட்டியலைத் தேடுங்கள். சில ரவுட்டர்களில் 'டிஎச்சிபி கிளையண்ட்ஸ்' என்று இன்னொரு பட்டியலும் இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. முதலாவது, இந்த நொடியில் இணைந்திருப்பவை. இரண்டாவது, முகவரி வாங்கிய கருவிகளின் பதிவேடு. காலையில் வந்துபோன உறவினரின் கைபேசி மாலை வரைகூட அதில் இருக்கலாம்.

இந்தப் பக்கத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. விருந்தினர்களுக்கென ரவுட்டர் தனியே தரும் விருந்தினர் பிணையத்தில் உள்ள கருவிகளை, உங்கள் முதன்மைப் பிணையத்திலிருந்து செய்யும் ஸ்கேன் பெரும்பாலும் காணாது, ஏனென்றால் ரவுட்டர் அவற்றைத் தடுப்புக்கு அப்பால் வைத்திருக்கும். ரவுட்டருக்கு மட்டும் அவை தெரியும். ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர்கள் இதைச் செய்யுங்கள்.

நான்காம் படி: ஸ்கேன்

கைபேசியில் எளிதாக முடிக்க ஃபிங் போன்ற செயலி போதும். அக்கம்பக்கக் கருவிகளைத் தேட அனுமதி கேட்கும்; கொடுத்தால்தான் வேலை செய்யும். இருந்தாலும் புதிய கைபேசி இயங்குதளங்கள், மற்றக் கருவிகளின் மேக் முகவரியை, அதாவது பிணைய அட்டையின் அடையாளத்தை, செயலிகள் படிப்பதைக் கட்டுப்படுத்துகின்றன. அடுத்த படிக்கு அந்த முகவரி தேவைப்படும். ஆகவே கணினி இருந்தால் அதையே பயன்படுத்தச் சொல்வேன்.

கணினிக்கு என்மேப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கார்டன் லியான் 1997இல் வெளியிட்டது. இன்றும் வலையமைப்பு வல்லுநர்கள் முதலில் தேடும் கருவி இதுதான். நிறுவிய பிறகு, நிர்வாகி உரிமையோடு திறந்த கட்டளைத் திரையில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இப்படித் தட்டச்சு செய்யுங்கள்: என்மேப், ஓர் இடைவெளி, சிறுகோட்டுடன் ஒட்டி எஸ் என் என்ற இரண்டு எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு 192.168.1.0/24. உங்கள் ரவுட்டர் 192.168.0.1 என்றால் மூன்றாவது எண்ணை 0 ஆக்கிக்கொள்ளுங்கள். கடைசியில் உள்ள 24 என்பது, அந்த வரிசையில் உள்ள 256 முகவரிகளையும் தட்டிப் பார் என்று பொருள்.

நிர்வாகி உரிமை ஏன்? அது இருந்தால் என்மேப் ஏஆர்பி என்ற முறையில் ஒவ்வொரு முகவரியையும் கேட்கும்: 'இந்த எண்ணுக்கு உரியவர் யார்?' 'இருக்கிறாயா?' என்று கேட்கும் பிங் கேள்விக்கு வாய்திறக்காதபடி அமைத்த கணினியும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும். சொல்லாவிட்டால் பிணையத்தில் அதனால் பேசவே முடியாது. உரிமை இல்லாமல் ஓட்டினால் என்மேப் வேறு வழியில் தட்டிப் பார்க்கும். சில கருவிகள் நழுவிவிடும், மேக் முகவரியும் வராது.

ஒருமுறை ஸ்கேன் செய்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். உறங்கும் கைபேசி அந்த நேரத்தில் பதில் தராமல் போகலாம். எல்லோரும் வீட்டில் இருக்கும் இரவில் ஒருமுறை, எல்லோரும் வெளியே போன பகலில் ஒருமுறை செய்து ஒப்பிடுங்கள். வீட்டில் ஒருவருமே இல்லாதபோது பட்டியலில் ஒரு கைபேசி தெரிந்தால், அதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பொருத்திப் பார்த்தல்

இங்கேதான் பொறுமை வேண்டும். ஸ்கேனில் வரும் ஒவ்வொரு வரிக்கும் உங்கள் தாளில் ஓர் இணை கண்டுபிடியுங்கள்.

ஒவ்வொரு பிணைய அட்டைக்கும் மேக் முகவரி என்ற ஓர் அடையாளம் உண்டு. ஆறு இரட்டை எழுத்துகள் கொண்ட அதில், முதல் மூன்று இரட்டைகள் தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும். ஐஇஇஇ அமைப்பு அந்த எண்களை நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இந்தப் பதிவைப் பார்த்துத்தான் என்மேப் நிறுவனப் பெயரைக் காட்டுகிறது. ஆனால் அது கருவியின் மேலே அச்சிட்ட பெயராக இருக்க வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் வைஃபை சில்லைச் செய்தவரின் பெயராகவும் இருக்கலாம். எஸ்பிரெசிஃப் என்று வந்தால் பெரும்பாலும் அது ஸ்மார்ட் விளக்கோ பிளக்கோ. முராட்டா, அசூர்வேவ் போன்ற பெயர்களும் அப்படித்தான் வரும். என் வீட்டில் எஸ்பிரெசிஃப் என்ற வரியைப் பார்த்துவிட்டு ஒரு மாலை முழுதும் பக்கத்துவீட்டாரைச் சந்தேகித்தேன். கூடத்து பிளக்கைக் கழற்றியதும் அந்த வரி மறைந்தது. அன்றிலிருந்து, கருவியை அடையாளம் காணும் முன் யார் பெயரையும் வாயெடுத்துச் சொல்வதில்லை.

அந்தச் சோதனையே மிக நம்பகமான வழி. சந்தேகம் உள்ள கருவியை அணைத்து, சற்றுப் பொறுத்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். வரி மறைந்தால் ஆள் கிடைத்துவிட்டார்.

அடுத்த குழப்பம் கைபேசிகளால் வரும். தனியுரிமைக்காகக் கைபேசிகள் தங்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து, ஒவ்வொரு பிணையத்துக்கும் ஒரு கற்பனை முகவரியைக் காட்டுகின்றன. ஆண்ட்ராய்டில் 2019இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்தும், ஐபோனில் 2020இல் வந்த ஐஓஎஸ் 14இலிருந்தும் இது தானாகவே இயங்குகிறது. அதனால் நிறுவனப் பெயரின் இடத்தில் 'அன்னோன்' என்று வரும். உங்கள் மகளின் கைபேசியே வேற்றாள் போலத் தெரியும். இதைக் கண்டுகொள்ள ஒரு வழி இருக்கிறது. முகவரியின் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். அது 2, 6 என்ற எண்களாகவோ ஏ, இ என்ற ஆங்கில எழுத்துகளாகவோ இருந்தால், அது ஆலையில் பொறித்த முகவரி இல்லை. கருவி தானே வைத்துக்கொண்டது. எடுத்துக்காட்டாக டி6 என்று தொடங்கும் முகவரி. பிறகு வீட்டிலுள்ள கைபேசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வைஃபை விவரங்களில் அது இந்தப் பிணையத்துக்குக் காட்டும் முகவரியை ஒப்பிட்டு, தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே மடிக்கணினி கேபிளிலும் வைஃபையிலும் இணைந்திருந்தால் இரண்டு வரிகளாக வரும். வைஃபை எல்லையை நீட்டிக்கும் ரிப்பீட்டர் இருந்தால், அதன் பின்னால் உள்ள பல கருவிகள் ஒரே மேக் முகவரியோடு தெரியக்கூடும்.

ஆறாம் படி: இன்னும் பிடிபடாதது

பொருந்திய வரிகளை எல்லாம் அடித்துவிட்ட பிறகும் ஒன்று மிஞ்சினால், அதன் ஐபி முகவரியை மட்டும், எஸ் என் இல்லாமல், என்மேப்புக்குக் கொடுங்கள். கருவி பிறரோடு பேசும் எண்ணிட்ட வாசல்களான போர்ட்டுகளில், வழக்கமான 1000இல் எவை திறந்திருக்கின்றன என்று சொல்லும். 9100 திறந்திருந்தால் அச்சுப்பொறி, 554 என்றால் கேமரா என்று ஊகிக்கலாம். 80 திறந்திருந்தால் அந்த முகவரியை உலாவியில் இட்டுப் பாருங்கள். பல கருவிகள் தம் பெயரைத் தாமே சொல்லிவிடும்.

ஏழாம் படி: வெளியேற்றுதல்

ரவுட்டரில் ஒரு மேக் முகவரியை மட்டும் தடுக்கும் வசதி உண்டு. அதை நம்பாதீர்கள். முகவரியை மாற்றிக்கொண்டு மறுபடி நுழைவது எளிது. உங்கள் வைஃபை கடவுச்சொல் புகுந்தவரிடம் அப்படியே இருக்கிறது. கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்த நீண்ட தொடர் நல்லது. 63 எழுத்து வரை இடம் இருக்கிறது. பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ3 அல்லது குறைந்தது டபிள்யூபிஏ2 ஆக இருக்கட்டும்.

அதே அமர்வில், கடவுச்சொல்லுக்குப் பதில் ஒரு எட்டு இலக்க எண்ணால் கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அந்த எண்ணை ரவுட்டர் இரண்டு பாதிகளாகச் சரிபார்ப்பதால், பத்துக் கோடிக்குப் பதில் சுமார் 11,000 முயற்சிகளில் கண்டுபிடிக்கலாம் என்று 2011இல் வெளியானது. கடவுச்சொல் எவ்வளவு வலுவாக இருந்தாலும் இந்தப் பின்கதவு திறந்திருந்தால் பயனில்லை.

நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல் வேறு, வைஃபை கடவுச்சொல் வேறு. முன்னதையும் மாற்றுங்கள். 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல், ஆலையிலிருந்து வந்தபடியே விடப்பட்ட 60க்கும் மேற்பட்ட பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளை வைத்தே கேமராக்களையும் ரவுட்டர்களையும் பெருவாரியாகக் கைப்பற்றியது. ரவுட்டருக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்குப் புதிய பதிப்பு வந்திருந்தால் அதையும் நிறுவுங்கள். விருந்தினருக்கும் ஸ்மார்ட் விளக்குகளுக்கும் விருந்தினர் பிணையத்தைத் தனியே திறந்துவிடலாம்.

கடவுச்சொல்லை மாற்றியதும் வைஃபையில் இருந்த எல்லாக் கருவிகளும் அறுந்து விழும். இதைத் தொல்லையாக எடுத்துக்கொள்ளாமல், ரவுட்டர் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கருவிகளை ஒவ்வொன்றாக இணையுங்கள். ஒன்று சேர்ந்ததும் பட்டியலில் புதிதாக ஒரு வரி வரும். உடனே அதற்குப் பெயர் வையுங்கள்: அம்மாவின் கைபேசி, படுக்கையறை விளக்கு, அச்சுப்பொறி. பெரும்பாலான ரவுட்டர்களில் பெயரிடும் வசதி இருக்கும். இல்லையென்றால் முகவரியைத் தாளில் எழுதி, தேதியும் போட்டு வையுங்கள். அடுத்த முறை ஸ்கேன் செய்யும்போது பெயரில்லாத வரி மட்டும் கண்ணில் படும்.