கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன்

வேலை பழக வரும் பையன்கள் கிளட்ச் கம்ப்ளைன்ட் என்றதும் லாரிக்கு அடியில் படுத்து, நேராகக் கியர் பாக்ஸ் போல்ட்டில் ஸ்பேனரை வைக்கிறார்கள். பார்க்கப் பார்க்க எரிச்சல் வருகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

பெடலைப் பார்க்காமல் பிளேட்டைச் சந்தேகிப்பது

ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று அரைக்கிறது என்று ஒரு லாரி வந்தது. கிளட்ச் பிளேட் போய்விட்டது என்று முடிவுகட்டிவிட்டேன். தேய்ந்த பிளேட் வழுக்கும். கியர் விழாமல் அரைப்பது கிளட்ச் முழுசாக விடுபடாததால். அது அன்று தலையில் ஏறவில்லை. கியர் பாக்ஸை இறக்கி இரண்டு நாள் வேலை. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் புதுசு. ஏற்றி முடித்து ரிவர்ஸ் போட்டால் அதே கரகர. கழற்றிய பிளேட்டை எடுத்துப் பார்த்தேன், பாதிகூடத் தேயவில்லை.

கோளாறு மாஸ்டர் சிலிண்டரில், அதாவது பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தி அனுப்பும் சிலிண்டரில். உள்ளே ரப்பர் தேய்ந்து, மிதிக்க மிதிக்க ஆயில் டப்பாவுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு சொட்டு கசிவில்லை, டப்பாவில் அளவும் குறையவில்லை. அதை நம்பித்தான் ஏமாந்தேன்.

இப்போது முதலில் செய்வது இதுதான். சமதரையில், முன்னால் யாரும் இல்லாதபோது, முதல் கியரில் கிளட்ச்சை மிதித்தபடி அரை நிமிடம் பிடிப்பேன். போகப்போக வண்டி நகரப் பார்த்தால் அழுத்தம் நிற்கவில்லை. பெடலை இரண்டு மூன்று முறை பம்ப் அடித்ததும் கியர் சுகமாக விழுந்தால் சந்தேகம் சிலிண்டர் மேலும் லைனில் இருக்கும் காற்று மேலும்தான். அப்புறம் இன்ஜினை நிறுத்தி, ஒருவரை மிதிக்கச் சொல்லி, ஸ்லேவ் சிலிண்டர் (அந்த ஆயில் அழுத்தத்தை வாங்கிக் கிளட்ச்சை விடுவிப்பது) ராட் எவ்வளவு தள்ளுகிறது என்று பார்ப்பேன். அதன் ரப்பர் உறையை விரலால் விலக்கினால், கசிவு இருந்தால் உள்ளே ஈரம் தெரியும். சில வண்டிகளில் அந்த சிலிண்டர் கிளட்ச்சை மூடிய பெல் ஹவுசிங்குக்குள் ஒளிந்திருக்கும், அங்கே இந்தச் சுகம் கிடையாது.

சத்தத்தைப் பாதி கேட்பது

நியூட்ரலில் கிளட்ச்சை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்று, விட்டால் வந்தால் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்.

கசியும் ஆயில் சீலோடு புது பிளேட்

வேண்டாம்.

நின்ற இடத்திலேயே ஸ்லிப் பார்ப்பது

ஹேண்ட் பிரேக் போட்டு கிளட்ச்சை எரிக்க வேண்டியதில்லை. ஏற்றத்தில் மேல் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் சுற்று காட்டும் முள் எகிறி, வண்டி வேகம் ஏறாவிட்டால் ஸ்லிப். அப்போதும் முதலில் பெடல் ஃப்ரீ பிளே, அதாவது கிளட்ச் விடுபடத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம், பாருங்கள். அது இல்லாவிட்டால் நல்ல பிளேட்டும் வழுக்கும்.